வடக்கு வேலியோர ஆஸ்டர் பூக்கள்

தம்பி,

இன்று காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில், மழையில் ஊறிய வேப்பஞ்சருகைத் தெருவோரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. "சருகை அள்ளாதீக மதினி, அதுதான் இந்த மண்ணுக்குச் சோறு" என்பீர்களே, அந்தக் குரல் அப்படியே கேட்டது. முறைக்குத்தான் நீங்கள் எனக்குத் தம்பி. வயதில் என்னைவிட எட்டு மாதம் மூத்தவர். உங்கள் அண்ணன், என் வீட்டுக்காரர், இறந்துபோன பிறகும் அந்த 'மதினி'யை நீங்கள் ஒரு நாளும் விட்டதில்லை.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். ராமநாதபுரத்தில், பத்திரம் எழுதுகிறவரிடம் தட்டச்சு. பதினாறு வருஷமாக, அண்ணனை ஏமாற்றிய தம்பிகளையும், தம்பியை ஏமாற்றிய அண்ணன்களையும் என் விரல்களே தட்டியிருக்கின்றன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பார்கள். கையெழுத்துப் போட்டதும் முகம் பார்க்காமல் போய்விடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு புத்தி வந்துவிட்டது. யாராவது சும்மா ஒரு வேலை செய்தால், இவருக்கு இதில் என்ன என்றுதான் முதலில் யோசிப்பேன்.

இருபது வருஷம் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு நீங்கள் ஊர் திரும்பியபோது, உப்பூர்ப் பக்கத்துத் தோப்பு என் பெயருக்கு மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உங்கள் அண்ணனின் பங்கு அது. வேம்பும் புங்கையும் பூவரசும் அடர்ந்து உச்சிப்பொழுதிலும் மங்கலாக இருக்கும். நிழலில் என்ன விளையும் என்று யாரும் சீண்டாத இடம்.

முதலில் எனக்குப் போன் செய்தவர், தோப்புக்கு வடக்கே வாழை போட்டிருக்கும் டீக்கடைக்காரர். "ஒங்க கொழுந்தன் பொழுதன்னைக்கும் தோப்புலயே கெடக்காரு. என்னமோ நட்டுக்கிட்டு இருக்காரு. காதுல போட்டு வைப்போம்னுதான் சொல்றேன்."

அந்தச் சனிக்கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தேன். வடக்கு வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"வாங்க மதினி. பாத்து, அங்கன மிதிச்சுராதீக, கன்னு இருக்கு."

"என்ன கன்னு?"

"ஆஸ்டரு. சாமந்தி மாதிரி இருக்கும், ஆனா ஊதாப் பூவு. மதுரை நர்சரில வாங்கியாந்தேன். நெழலைத் தாங்குற வகைன்னாக."

"தண்ணிக்கு என்ன செய்வீக?"

"மழைய ஒட்டி நட்டு, சருகப் போட்டு மூடிட்டா ஈரம் நிக்கும். பங்குனி வெயில்ல செடி காஞ்சாலும் வெதை மண்ணுல கெடக்கும். அடுத்த ஐப்பசிக்கு அதுவா மொளைக்கும். நம்ம ஒண்ணும் செய்ய வேணாம்."

நீங்கள் சந்தோஷமாகத்தான் சொன்னீர்கள். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. ஒரு முறை நட்டால் வருஷா வருஷம் தானாக எழுந்து நிற்கும் செடி. அதுவும் வேலியோரமாக, வரிசை பிடித்து. 'நீண்ட காலமாக அனுபவித்து வருகிறபடியால்' என்று எத்தனை பத்திரத்தில் தட்டியிருப்பேன்! இடம் தன்னுடையது என்று நட்டவர் வாயே திறக்க வேண்டாம், பூவே சாட்சி சொல்லிவிடும்.

கிளம்பும்போது கேட்டீர்கள். "மதினி, தோப்புப் பட்டா ஒரு ஜெராக்ஸ் குடுங்களேன்."

எதுக்கு என்று நான் கேட்கவில்லை. "லாக்கர்ல இருக்கு தம்பி, பாக்கணும்" என்றேன். பட்டா என் கைப்பையில் இருந்தது. நீங்கள் அந்தப் பையைப் பார்த்தீர்கள். அல்லது, பார்த்தீர்கள் என்று நான் நினைத்தேன்.

அந்த வருஷக் கன்றுகள் பூக்காமலே வெளிறிப் படுத்துவிட்டன. அடுத்த புரட்டாசியில் டீக்கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார், நீங்கள் மரம் வெட்டுவதாக. ஓடி வந்தேன். புங்கையின் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிட்டிருந்தீர்கள்.

"நெழல்னாலும் பூரா இருட்டு ஆகாது மதினி. உள்ள கொஞ்சம் வெளிச்சம் எறங்கணும்."

"வீட்டுல ஃபேனு இல்லையா தம்பி? எந்நேரமும் இங்கனயே இருக்கீகளே?"

"இருபது வருஷம் வெயில்ல நின்ன ஒடம்பு. இங்கன உக்காந்தாத்தான் அடங்குது."

அதையும் நான் நம்பவில்லை. வெட்டிய கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

நீங்கள் மறுபடி வாங்கி நட்டது கார்த்திகையில் பூத்தது. அந்த மங்கலுக்குள், காய்ந்த இலைகளுக்கு மேலே, வெளிர் ஊதாவாக ஒரு நீளக் கோடு. அழகாக இருக்கிறது என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன், உங்களுக்குச் சொல்லாமல். டீக்கடைக்காரர்தான் மூன்றாவது தடவையாகப் போன் செய்து, "இப்பவே அளந்து வச்சுக்கங்க, பின்னாடி அழுவாதீங்க" என்றிருந்தார். நான் நிஜமாகவே ஆளைக் கூட்டி வருவேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அளக்கிற சங்கிலியைக் கண்டதும் நீங்கள் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டீர்கள். உங்கள் மனைவி கொண்டுவந்த டீயை நான் வேண்டாம் என்றேன். சர்வேயர் நில வரைபடத்தைப் பார்த்து, அளந்து, வேலியைத் தாண்டிப் போனார். கடப்பாரை ஓரிடத்தில் ணங்கென்றது. எல்லைக்கல். வேலியிலிருந்து ஏழடி தள்ளி, டீக்கடைக்காரரின் வாழைகளுக்கு நடுவே புதைந்து கிடந்தது.

"வேலி நகந்திருக்கும்மா" என்றார் சர்வேயர். "ஒங்க எடம் அந்தப் பக்கம் போயிருக்கு."

அதுவரை பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நடையைக் கட்டினார். நீங்கள் என்னையே பார்த்தீர்கள்.

"அப்ப, நீங்க அவருக்கு விக்கலையா மதினி?"

"எதை?"

"இந்த ஓரத்த. வேலி உள்ள வந்துருக்கேன்னு கேட்டதுக்கு, மதினி எனக்குக் கொடுத்துட்டாக, ஒங்ககிட்டச் சொல்லலையான்னு கேட்டாரு. அண்ணன் சொத்த ஒரு வார்த்தை சொல்லாம வித்துட்டாகளேன்னு இருந்துச்சு. அதான் பட்டா கேட்டேன். நீங்க தரலைன்னதும் உண்மைதான்னு நெனச்சுட்டேன். வேலி இன்னும் உள்ள வந்தா கண்ணுக்குத் தெரியட்டுமேன்னுதான் வரிசையா நட்டேன்."

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த சர்வேயர் நிமிர்ந்து நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு ஐப்பசி. நான் உங்களைச் சந்தேகித்தேன், நீங்கள் என்னைச் சந்தேகித்தீர்கள். நடுவில் ஒரு ஆள் நிம்மதியாக வாழை நட்டிருக்கிறார்.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே தம்பி."

"நீங்களுந்தான்."

சொல்லிவிட்டுக் குனிந்து, சர்வேயரின் செருப்புக்கடியில் சாய்ந்த ஒரு செடியை நிமிர்த்தி, சுற்றிலும் சருகைக் கூட்டினீர்கள். மன்னிப்புக் கேட்க அந்த இடமே சரியான இடம். சர்வேயர் நிற்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் கூப்பிட்டீர்கள். "பழைய கல்லுக்கே வேலி போட்டாச்சு மதினி. வெதை சேத்து வச்சிருக்கேன். அந்த ஏழடிக்கும் தூவவா?" முதல் முறையாக என்னிடம் அனுமதி கேட்டீர்கள். "தூவுங்க" என்றேன். போனை வைத்த பிறகு, குத்திக்காட்டத்தான் கேட்டீர்களோ என்று நெடுநேரம் யோசித்தேன். என் புத்தி அப்படி. அடுத்த மாதம், தையில், நெஞ்சு வலி என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த வாரம் உங்கள் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தாள். "அக்கா, நான் தோப்புக்குப் போயி வந்துக்கிட்டு இருக்கட்டுமா?"

பழைய புத்தி உடனே தலைதூக்கியது. ஆனால் இந்த முறை அதை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. "எதுக்கு?" என்று வாய்விட்டே கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "வீட்டுல ஒவ்வொரு சாமானும் அவுக இல்லைன்னு சொல்லுதுக்கா. அங்கன அப்படித் தெரியல."

தோப்பு கேட்டுக்கு நான் வைத்திருந்த சாவியைக் கொடுத்தேன். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். உங்களிடம் கேட்காத மன்னிப்பை அவளிடமாவது கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது தம்பி, யாரிடம் இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள். நீங்கள் தூவிய விதை ஏழடி முழுக்க முளைத்திருக்கிறதாம், கை வைக்க இடமில்லையாம். சரி என்றேன். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறைதான். நான் போய்ச் சரிபார்க்கவில்லை.