இடம் மாறிய இரண்டு எழுத்துகள்

பிப்ரவரி, செவ்வாய் இரவு

நாளை பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. பழுதான கணினிகள் இன்றுதான் சரியாகி வந்தன. அதுவரை என் மாணவிகள் பழகியதெல்லாம் நான் சார்ட்டில் வரைந்த கீபோர்டில்தான்.

செல்வி விசைகளைப் பார்க்காமலே அடித்தாள். print வரவேண்டிய இடத்தில் primt வந்தது. அழித்து அடித்தாள். மறுபடியும் primt.

"பிரிண்டு ஒனக்கு மட்டும் பிரிம்டு ஆயிருதுடி," என்று பக்கத்துக் கணினியில் மீனா சிரித்தாள்.

"வெரல் தன்னால அங்கிட்டுத்தான் போகுது மிஸ். மன்னிச்சிருங்க."

சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தேன். M, N இரண்டையும் இடம் மாற்றி வரைந்திருக்கிறேன். மற்றவர்கள் விசையைப் பார்த்து அடித்துத் தப்பிவிட்டார்கள். நன்றாகப் பழகியவள் மாட்டிக்கொண்டாள்.

"பார்த்து அடிம்மா," என்று மட்டும் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. எல்லோரும் போனபின் சார்ட்டைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன்.

"ராத்திரி நோட்டுல பழகிட்டு வாரேன் மிஸ்," என்று செல்வி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

இப்போதுதான் உறைக்கிறது. அவள் நோட்டில் இருப்பது என் சார்ட்டைப் பார்த்து வரைந்த கீபோர்டு. இந்நேரம் அதில்தான் விரல் வைத்திருப்பாள்.

அவள் அப்பாவின் எண் இருக்கிறது. என்ன சொல்லித் தொடங்குவது?

ரிங் போகிறது.