பத்து மூட்டை அரிசியும் ஒரு குளிர் அறையும்

ஆகஸ்ட் 4, 2025. திங்கள்

சிலிண்டர் வந்தது. பழையது போன முறையைவிட ஐந்து நாள் கூடுதலாக எரிந்திருக்கிறது. மலைமேல் இருக்கும் கோவிந்தனுக்கு நன்றி, குக்கருக்கும்.

சாயங்காலம் அவர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு சுற்றறிக்கையை என்னிடம் நீட்டினார். நகரியில் எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் விஞ்ஞானி கணவர் ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்தால் அதில் ஏதோ எண் இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. 25.

விஷயம் இது. மாம்பழக் கூழ் ஆலை வைத்திருக்கும் சிட்டிபாபு, ஆலையில் மிஞ்சும் மாங்கொட்டையை மாட்டுத் தீவனமாக்கும் ஆராய்ச்சிக்கு இவருக்கு இரண்டு வருடத்துக்கு இருபது லட்சம் தருகிறார். தனியார் கம்பெனி கொடுக்கும் பணத்தில் பல்கலைக்கழகம் ஓவர்ஹெட் என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கட்டடம், கரண்ட், தண்ணீர், வாட்ச்மேன், கணக்குப் பிரிவு ஆகியவற்றுக்காம். இதுவரை நூற்றுக்குப் பத்து. இனி இருபத்தைந்து.

"ரெண்டு லட்சம் போனது இனிமே அஞ்சு லட்சமா போவும்" என்றார்.

"வாட்ச்மேனுக்கு சர்க்கார் சம்பளம் குடுக்கலியா?"

"குடுக்குது."

"அப்ப அந்தாளு ரெண்டு தபா தூங்கறாரா?"

அவர் காபி கேட்டார்.

கணக்குப் போட்டேன். ஆராய்ச்சிக்கு வேண்டியது பதினெட்டு லட்சம். கைக்கு வரப்போவது பதினைந்து. குறையும் மூன்று லட்சம், இவரிடம் பி.எச்டி. செய்யும் பிரீத்தியின் ஒரு வருடச் சம்பளம். மாதம் இருபத்தைந்தாயிரம் வீதம், பைசா பிசகவில்லை. ரசாயனம் விலை குறையாது. மாடு குறைத்துத் தின்னாது. குறைக்க முடிந்தது அந்தப் பெண் மட்டும்தான்.

பகல் கொள்ளை. பேனாவை அழுத்தி எழுதிவிட்டேன், அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 8. வரலட்சுமி விரதம்

பிரீத்தி தாம்பூலத்துக்கு வந்தாள். பிச்சாட்டூர்ப் பெண், நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெல். நாலு கொழுக்கட்டை தின்றாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"ஒரு வருசம்னா பாதியில நின்னுடும் ஆன்ட்டி. நைனா சொல்ட்டாரு, பாதிப் படிப்புக்கு யாரும் வேல குடுக்க மாட்டாங்க, பேங்க் பரீட்சைக்கும் வயசு போய்க்கினு கீதுன்னு."

மாம்பழ சீசன் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்குமா? ஜூலையிலேயே ஆயிரத்து இருநூறு கிலோ கொட்டையைச் சேகரித்துப் பல்கலைக்கழகக் குளிர் அறையில் அடைத்துவிட்டார்கள். கதவு ரப்பர் கிழிந்து குளிர் வெளியே போகிறதாம். இவள் தன் பழைய துப்பட்டாவைத் திணித்து வைத்திருக்கிறாள். ரப்பருக்கு எழுதிப் போட்டுப் பதினாலு மாதம் ஆகிறது.

சரடு கட்டும்போது அம்பாளிடம் மூன்று லட்சம் கேட்டேன். இவ்வளவு திட்டமான தொகையைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 9

அவர் சாப்பிடவில்லை. சாம்பார் நாளைக்கு ஆகும்.

ஆகஸ்ட் 23. சனி

சிட்டிபாபு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம் சாரு, நான் கொட்டைக்குத் துட்டு குடுத்தா உங்க ஆபீஸ் ஃபேனு அஞ்சு லட்சம் துன்னுட்டுப் போவுமா? இருவதுக்கு மேல ஒத்த ரூபா தர மாட்டேன். அன்யாயம்!"

நானும் உள்ளேயிருந்து "அநியாயம்தான்" என்றேன். எங்கள் வீட்டில் ஒரு முதலாளியோடு நான் ஒத்துப்போனதும் இன்றுதான்.

போகும்போது, எங்கள் குழுவின் புரட்டாசி அன்னதானத்துக்குப் பத்து மூட்டை அரிசி அனுப்புவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, பேனரில் ஆலையின் பெயர் பெரியதாக இருக்க வேண்டும். "எவ்ளோ பெருசு?" என்றேன். "சாமி படத்துக்குக் கீழ, ஆனா சாமி பேர விடக் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

செப்டம்பர் 6. சனி

எங்கள் குழுக் கூட்டம். புத்தூர் ரோட்டில் நடந்தே திருமலைக்குப் போகிறவர்களுக்குப் புரட்டாசி சனிக்கிழமைகளில் பந்தல் போட்டுச் சாப்பாடு போடுகிறோம். எட்டு வருடமாகக் கணக்கு என்னிடம்.

எல்லாரும் அரிசி தருகிறார்கள், பருப்பு தருகிறார்கள், நெய்கூட வருகிறது. காஸ் யாரும் தருவதில்லை. உப்பு, புளி, பாத்திரம் கழுவும் கூலி, குப்பை வண்டி — இதற்கு உபயதாரர் கிடையாது. போன வருடம் இந்த வகையில் 23,400. எங்கிருந்து வந்தது? என் வீட்டுக் கணக்கில் 'இதர' என்று ஒரு பத்தி இருக்கிறது. அங்கிருந்து. அவருக்குத் தெரியாது.

சமையல் ரத்னம்மா இன்று வெடித்துவிட்டாள். "அரிசி குடுத்தவன் பேரு பேனர்ல கீது. உப்பு குடுத்தவன் பேரு எங்க கீது சொல்லு? அண்டா கழுவி என் கை வெந்து போச்சு, போன வருசக் கூலி பாதி வரலக்கா!"

நான்தான் எழுந்து சொன்னேன். இனிமேல் யார் எந்தப் பொருள் கொடுத்தாலும், அதன் மதிப்பில் பத்தில் ஒரு பங்கை ரொக்கமாகத் தர வேண்டும், காஸுக்கும் கழுவுவதற்கும். எல்லாரும் கை தூக்கினார்கள்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"எவ்ளோ?"

"பத்துக்கு ஒண்ணு."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி ரசம் கேட்டார், அவ்வளவுதான். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 11. வியாழன்

சிட்டிபாபுவின் ஃபோன். "ஏம்மா, சாமிக்குக் குடுக்கறதுலயும் கட்டிங்கா? என் அரிசிய ஆக்கறதுக்கு நானே துட்டு குடுக்கணுமா?"

காஸ், தண்ணீர், கழுவும் கூலி, பந்தலுக்குக் காவல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் வாய் தானாக நின்றுவிட்டது. சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

"அரிசி வரும். துட்டு வராது" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 17. புரட்டாசி முதல் நாள்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்று சிட்டிபாபு வந்தார். என் வீட்டுக்காரரும் பிரீத்தியும் கூடத்தில் இருந்தார்கள்.

"இருவதுல உங்க யூனிவர்சிடி வெட்டிக்கட்டும். கொறையற மூணு லட்சத்த நான், அவங்க கை படாம, அன்னதானத்துக்கு நன்கொடையாப் போட்டுடறேன். அம்மாதானே கணக்கு? மாசாமாசம் பாப்பாவுக்குக் குடுத்துடுங்க. சமையல் உதவின்னு எழுதுங்க. சாமி கணக்க எவன் ஆடிட் பண்ணுவான்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிரீத்தி தரையைப் பார்த்தாள். ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒரு தனித்தாளில் எழுதியும் பார்த்தேன். 'பிரீத்தி — சமையல் உதவி — 25,000'. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இந்தப் பெண் பால் காய்ச்சினாலே பொங்கி அடுப்பை அணைக்கும்.

எழுதினால் என்ன? இந்தப் பெண்ணின் படிப்பை வேண்டாம் என்று கோவிந்தன் சொல்வானா? கல்யாணக் கடனுக்கு வட்டிக்காசு கட்டுகிறவன், ஒரு பொய்க் கணக்கு அவனுக்குப் புரியாதா?

புரியும். அதுதான் கஷ்டம்.

செப்டம்பர் 18. வியாழன்

முடியாது என்று சொல்லிவிட்டேன். "பொய் எழுத மாட்டேன். அப்படியே எழுதினாலும், குழுவுக்கு வர்ற எல்லாத்துலயும் பத்துக்கு ஒண்ணு புடிச்சிடுவோம். முப்பதாயிரம் போயிடும். பாப்பாவுக்குப் பத்தே முக்கால் மாசம்தான் வரும்."

"நீங்க உங்க யூனிவர்சிடிய விட மோசம்மா!" என்றார் சிட்டிபாபு.

பிரீத்தி 'வரேன் ஆன்ட்டி' சொல்லாமல் போனாள்.

செப்டம்பர் 20. முதல் சனி

ஆயிரத்து நூறு பேர். நகரி நெசவுக்காரர்களின் உபயம். பத்தில் ஒரு பங்கை முணுமுணுக்காமல் கொடுத்தார்கள். ரத்னம்மாவுக்குக் கூலி அன்றைக்கே கொடுத்தாயிற்று. பிரீத்தி வரவில்லை.

செப்டம்பர் 24. புதன்

இருபத்தைந்து கொள்ளைதான் என்று எண்ணாலேயே நிரூபித்துவிடுவது, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இவர் மேலதிகாரியிடம் போவது என்று முடிவு செய்தேன். நோட்டோடு குளிர் அறைக்கே போனேன். பிரீத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மெஷின் ஓடும் நேரத்தைச் சொன்னாள். உள்ளே மாங்கொட்டை தவிர வேறெதுவும் இல்லை. எல்லாம் சிட்டிபாபுவுடையது.

நாளுக்கு 56 யூனிட், யூனிட் எட்டு ரூபாய், எழுநூற்று முப்பது நாள்: 3,27,040. தண்ணீர், வாட்ச்மேன், பரிசோதனைக் கூடம், கணக்குப் பிரிவு, இதிலெல்லாம் இந்த ஆராய்ச்சியின் பங்கு, குறைத்துப் போட்டே 2,10,000. மொத்தம் 5,37,040.

அவர்கள் கேட்பது ஐந்து லட்சம்.

இரண்டு முறை கூட்டினேன். பிரீத்தியையும் கூட்டச் சொன்னேன்.

"முப்பத்தேழாயிரம் கம்மியாத்தான் கேக்கறாங்க ஆன்ட்டி" என்றாள். ஒரு வாரமாக நான் பார்க்காத சிரிப்பு. என் தோல்வியில்தான் வந்தது, வரட்டும்.

வீட்டில் அவரிடம் கேட்டேன். "போன வருச ஓவர்ஹெட்டு துட்டு எங்க போச்சு?"

"கெஸ்ட் ஹவுஸுக்கு சோபா வந்துது."

ஆக, கேட்பது நியாயம். செலவு செய்வது அநியாயம். இரண்டையும் ஒரே பத்தியில் எழுத எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 27. இரண்டாம் சனி

சிட்டிபாபுவின் உபயம். பத்து மூட்டை அரிசியை பேனருக்குக் கீழே சுவர்போல அடுக்கியிருந்தார்கள். குடும்பத்தோடு பட்டு வேட்டியில் வந்திருந்தார். ஃபோட்டோக்காரரும் உண்டு.

முதல் அண்டா பாதி வேகும்போது அடுப்பு அணைந்தது.

"காஸ் ஆயிப்போச்சுக்கா" என்றாள் ரத்னம்மா, ஊருக்கே கேட்கிற குரலில். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு வருடமாக இந்த இடத்தில் என் 'இதர' பத்தி ஓடிப்போய் ஒரு சிலிண்டர் வாங்கி வரும். இந்த முறை போகவில்லை.

வரிசையில் முந்நூறு பேர். அரக்கோணம் பக்கத்து அம்மா ஒருத்தி, காலெல்லாம் கொப்புளம். சிட்டிபாபுவைப் பார்த்தே கேட்டாள். "இன்னா நைனா, மூட்ட மூட்டயா கீது, சோறு இல்லியா? பேனரையா துன்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபோட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

சிட்டிபாபு ஆலை கேன்டீனுக்குக் காரை விரட்டி நாலு சிலிண்டர் கொண்டுவரச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் வீட்டில் ஒரு முழு சிலிண்டர் இருந்தது. வாய் திறக்கவில்லை. கோவிந்தா, அந்த அம்மாவின் முக்கால் மணி நேரத்தை என் பெயரில் பற்று எழுதிக்கொள். நான் மறைக்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு சிட்டிபாபு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தெரிஞ்சேதானே வுட்டீங்க?"

"தெரிஞ்சேதான்."

காலி சிலிண்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "சரி. உங்க யூனிவர்சிடி அடுப்புக்கு எவ்ளோ காஸு ஆவுது? சொல்லுங்க."

தாள் பையிலேயே இருந்தது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். தன் ஆலைக் குளிர் அறையில் வியாபாரிகளின் சரக்கை வைக்க யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போடுகிறாராம். "எட்டுதானா போட்டிருக்கீங்க?" என்று வருத்தப்பட்டார்.

செப்டம்பர் 29. திங்கள்

குறையும் மூன்று லட்சத்தைத் தருவதாக சிட்டிபாபு ஒப்புக்கொண்டார். அந்த மூன்றிலும் பல்கலைக்கழகம் கால் பங்கு எடுக்கும் என்று வீட்டுக்காரர் அவருக்கு ஃபோனில் விளக்க வேண்டியிருந்தது.

"மூணு குடுக்கறதுக்கு நாலு குடுக்கணுமா!" என்ற சத்தம் எனக்கு அடுப்படியில் கேட்டது.

இருபத்து நாலில் ஆறு போனால் பதினெட்டு. கணக்கு சரியாக இருக்கிறது. அன்னதானப் பங்கையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார், ரசீது கேட்டு.

நவம்பர் 12. புதன்

ஆராய்ச்சி ஒப்பந்தத்தின் கையெழுத்து விழா. அறுபது பேருக்கு வாழையிலைச் சாப்பாடு, ஓவர்ஹெட் நிதியிலிருந்து. எங்கள் குழுப் பாத்திரங்களைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள்.

"சாமி பாத்திரத்துக்கு வாடகையா, தாட்சாயணி?" என்றார் அவர்.

"சாமியா கழுவறாரு?"

வரவு 1,800. ரத்னம்மாவுக்கு 800.

பிரீத்தி பாயசத்துக்கு இரண்டாம் முறை வரிசையில் நின்றாள். அவளுக்கு இருபத்து நாலு மாதச் சம்பளமும் உறுதி.

டிசம்பர் 5. வெள்ளி

வெண்டைக்காய் விலை ஏறிவிட்டது.

குளிர் அறை ரப்பர் அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்திருக்கிறதாம். துப்பட்டாவும் நைந்துவிட்டது என்றாள் பிரீத்தி. அவள் கொடுத்த அளவோடு ரேணிகுண்டா ரோடு கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தேன். அவருக்குச் சொல்லவில்லை.

ரப்பர், ஆள்கூலி சேர்த்து 2,200. 'இதர'வில் எழுதியிருக்கிறேன்.