எனக்கு மட்டும் திறக்காத திரை

செப். 14, திங்கள்

புழுக்கம். மழை பெய்வதுபோல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது. கிடர்பூர் பாலத்தில் பஸ் நாற்பது நிமிடம் நின்றது. இறங்கி நடந்திருக்கலாம்.

துறைமுக ஆபீஸில் டெர்மினல் ப்ரோக்ராம் திறக்கவில்லை. ஐகானைத் தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று வருகிறது. வந்த சுருக்கில் மறைந்துவிடுகிறது. பிழைச் செய்திகூட இல்லை. பதினேழு தடவை முயன்றேன். மெஷினை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். வெள்ளி வரை ஒழுங்காகத்தான் இருந்தது.

பழைய சர்வரை வரும் சனி மதியம் நிறுத்துகிறார்கள். அதற்குள் போக இந்த ப்ரோக்ராம் ஒன்றுதான் வழி, அது என் மெஷினில் மட்டும்தான் மிச்சம். பதிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையை எனக்குத் தந்திருப்பவர் மேலாளர் தருண் சர்க்கார். இனி ச. என்றே எழுதுகிறேன். முழுப் பெயருக்கு மை வீண்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதிவு. இங்கேயாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பதினோரு வருஷம் முன்பு விஸ்வகர்மா பூஜையன்று நான்காம் நம்பர் கிரேன். கருவிகளுக்கு ஓய்வு நாள். ஆனால் மதியம் ஆற்று நீர் ஏறியிருக்கும்போதே கப்பல் துறைமுகத்தின் லாக் கேட்டைத் தாண்டியாக வேண்டும், கடைசியாக ஒரு பெட்டி மட்டும் ஏற்று என்று உத்தரவு. கீழே நின்ற ஃபோர்மன் அசீம்தா, எங்களுக்கெல்லாம் அசீம் அண்ணன், வடம் நைந்திருப்பதைப் பார்த்து 'நிறுத்து' பதிவு போட்டார். எங்கள் செக்‌ஷன் திரைகள் இரண்டிலும் கேள்வி வந்தது: நிறுத்தத்தை நீக்கலாமா? யாரோ Y அடித்தார்கள். கிரேன் தூக்கியது, வடம் அறுந்தது. வடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அசீம்தா அடியில் இருந்தார்.

செக்‌ஷனில் இருந்தது இரண்டே பேர், நானும் ச.வும். லாகின் என்னுடையது. முதலில் வருபவன் லாகின் செய்வான், மற்றவனும் தன் மேசையில் நாள் முழுக்க அதிலேயே வேலை பார்ப்பான். எங்கள் வழக்கம் அது. 'யார் என்று நிர்ணயிக்க இயலவில்லை' என்று விசாரணை முடிந்தது. என் ஃபைலில் மட்டும் ஒரு குறிப்பு ஏறியது. எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்த நான் அதே நாற்காலியில். பி.காம். ச. கண்ணாடி அறையில்.

விவரமான பதிவைத் தலைமை அலுவலகம் பூட்டி வைத்திருந்தது. சரிபார்ப்பதற்காக இப்போது திறந்துவிட்டிருக்கிறார்கள். அதில் மேசை எண் இருக்கும். மேசை 2 என்று இருக்கும், ச.வின் மேசை. சனிக்குள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

செப். 15, செவ்வாய்

இரவு மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர்.

செய்து பார்த்தவை: ப்ரோக்ராமை நீக்கி மறுபடி போட்டது. செட்டிங்ஸ் கோப்பை வேறு பெயருக்கு மாற்றியது. அட்மின் உரிமையில் ஓட்டியது. எழுத்துரு மாற்றம். ஆன்டிவைரஸை நிறுத்தியது. பலன் பூஜ்யம். பிழைப் பதிவேட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரே வரி, ஒரே எண். 'எதிர்பாராத உள்ளீடு' என்கிறது. உள்ளீடு எங்கே இருக்கிறது? ஜன்னலே திறக்கவில்லை.

சால்ட் லேக் ஆபீஸில் கம்ப்யூட்டர் பராமரிக்கும் பெண் மௌமிதா. ஃபோனில் வங்காளத்தில்தான் பேச்சு.

"நாதன்தா, ஒன்னும் தொடாதீங்க. நான் இங்கிருந்து உள்ளே வர்றேன்."

"எத்தனை நேரம்?"

"ஒரு டீ நேரம்."

டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் செக்‌ஷனில் ஆள் இல்லை, என் திரையில் ப்ரோக்ராம் திறந்து கிடக்கிறது. பச்சை எழுத்துகள். அம்புக்குறி தானாக நகர்ந்து ஒவ்வொரு மெனுவாகத் தொட்டுப் பார்க்கிறது. மௌமிதாதான் என்று தெரியும். இருந்தும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தேன்.

"நல்லாத்தானே இருக்கு நாதன்தா. பத்து தடவை மூடித் திறந்துட்டேன். வைக்கட்டுமா?"

அவள் வைத்தபின் உட்கார்ந்தேன். மூடினேன். திறந்தேன்.

போய்விட்டது.

ச. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்ததும் குனிந்துகொண்டார். மெஷினில் ஏதோ செய்துவைத்திருக்கிறார். சந்தேகமே இல்லை.

மாலையில் மனைவி வசந்தா, "தூக்கத்துல விரலாலே மெத்தையைத் தட்டறீங்க" என்றாள். வேறு படுக்கையில் போய்ப் படு என்றேன். இருப்பதே ஒரு கட்டில்.

செப். 16, புதன்

மௌமிதா நேரில் வந்தாள். முப்பது வயதிருக்கும், பெரிய பை, வாய் ஓயாது. உட்கார்ந்தாள், திறந்தது. மூடித் திறந்தாள், திறந்தது. எழுந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். போய்விட்டது.

மறுபடி அவள். திறந்தது. நான். போய்விட்டது.

ஆறு தடவை இப்படி. முதல் மூன்று தடவை அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"நாதன்தா, மெஷினுக்கு உங்களைப் பிடிக்கலை. நாளைக்கு பூஜையில ரெண்டு சந்தேஷ் ஸ்வீட் அதிகமா வெச்சுடுங்க."

"விளையாடாதே. லாகின் வேறயா?"

"உங்க லாகின்லதான் நானும் திறக்கறேன். எல்லாம் ஒன்னுதான். ஆள்தான் வேற."

மறைவதற்கு முன் ஜன்னலில் ஏதாவது வரி தோன்றுகிறதா என்று பார்க்க என் தோளுக்கு மேலிருந்து ஃபோனில் படம் எடுத்தாள். நான்கு தடவை நான் திறந்தேன், நான்கு தடவை மறைந்தது. அதற்குள் அவளுக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு. வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு ஓடிவிட்டாள். மெதுவாக ஓட்டிப் பாருங்கள் என்றாள்.

ஐந்து மணிக்கு கீபோர்டுகளுக்குச் சந்தனம் வைக்க ஆள் வந்துவிட்டான். இனி வெள்ளி காலை வரை எந்த மெஷினையும் தொடக் கூடாது. கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு நாள் போயிற்று.

செப். 17, வியாழன்

விஸ்வகர்மா பூஜை. வெயில். வானம் முழுக்கப் பட்டம். கார்டன் ரீச் பக்கத்து மாடிகளில் காலை எட்டு மணிக்கே பட்டத்தை அறுத்துவிட்ட "போ காட்டா" கூச்சல்.

யார்டில் பூஜை. ஃபோர்க்லிஃப்ட், எடை மேடை, ஜெராக்ஸ் மெஷின், எல்லாவற்றுக்கும் மாலையும் குங்குமமும். என் கம்ப்யூட்டருக்கும். நான்காம் நம்பர் கிரேனுக்குக் கீழே அசீம்தாவின் படம். ச. மாலை போட்டார். நான் முன்னால் போனபோது எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். வருஷா வருஷம் விடுகிறார்கள். ச.வுக்குக்கூட அப்படி விடுவதில்லை. அந்த ஒரு மரியாதையாவது மிச்சம்.

சாப்பாடு: எல்லோருக்கும் மட்டன். சைவம் நான் ஒருவன். லுச்சிப் பூரி ஆறிப்போயிருந்தது. எத்தனை வருஷம் சொன்னாலும் இதே கதை.

மூன்று மணிக்கு வீடு. வசந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீடியோவை மிக மெதுவாக ஓட்டினேன். கறுப்பு ஜன்னல் வருகிறது. ஒரு வரியும் இல்லை. போகிறது. இரண்டாம் தடவை அப்படியே. மூன்றாம் தடவை கீழோரத்தில் ஏதோ அசைந்தது.

ஒரு கை. ஜன்னல் தோன்றுவதற்கு முன்பே கீபோர்டுக்கு வருகிறது. ஒரு விரல் Y. இன்னொரு விரல் என்டர். உடனே மடிக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஜன்னல் வருகிறது, வந்து சாகிறது.

மோதிரம் என்னுடையது. நகத்தின் கறுப்பும் என்னுடையது. நான் அடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக நினைவிருக்கிறது. நான்கு தடவையும் கை வந்து போயிருக்கிறது. திருடன் கைபோல.

வசந்தாவிடம் காட்டினேன்.

"இதுல என்ன இருக்கு? நீங்க எப்பவும் அப்படித்தானே."

"எப்படி?"

"ஏடிஎம்ல ரசீது வேணுமான்னு கேக்கறதுக்குள்ள அமுக்கிடுவீங்க. டாக்டர் கேட்டு முடிக்கறதுக்குள்ள 'ஆமா'ம்பீங்க. கல்யாணத்துல ஐயர் சொல்லச் சொன்னதை அவருக்கு முன்னாடி சொன்னீங்க. எங்கப்பா சிரிச்சார்."

"எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க திரையைப் பாத்துண்டிருப்பேள், இல்லாட்டி யாரையாவது திட்டிண்டிருப்பேள்."

கோபம் வந்தால் அவளுக்கு அம்மா வீட்டுப் பேச்சு வந்துவிடும். இன்று கோபமும் இல்லை.

எழுதும்போதே வலது கையைப் பார்க்கிறேன். சாதுவாக இருக்கிறது.

செப். 18, வெள்ளி

தூறல். கீபோர்டில் காய்ந்த குங்குமம்.

ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். இடது கையால் மௌஸ். திறந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மூடவில்லை.

தொடைக்கு அடியில் விரல் இரண்டு முறை துடித்தது.

மௌமிதாவுக்கு ஃபோன். அவள் விளக்கம்: தொடங்கும்போது 'பழைய இணைப்பைத் தொடரலாமா' என்று ப்ரோக்ராம் கேட்கும். போன வாரம் வந்த அப்டேட்டால் திரை வரைவது அரை விநாடி தாமதம். கேள்வி தயாராகும் முன் பதில் வந்தால் அதை வைக்க இடம் இல்லாமல் ப்ரோக்ராமே விழுந்துவிடுகிறது. "முன்னாடியும் நீங்க இப்படித்தான் அடிச்சிருப்பீங்க நாதன்தா. அப்போ அது வேகமா இருந்தது, அதனால தெரியலை."

பதிவுக்குள் போனேன். அந்த வருஷம், அந்த நாள். நான்காம் கிரேன்.

மேசை எண் பத்தி காலி. ஒரு லாகினில் இரண்டு பேர் இருந்தால் அது பதிவதில்லையாம். பதினோரு வருஷம் காத்திருந்தது அந்தப் பத்திக்காக.

மற்ற இரண்டு பத்திகள் இருந்தன. கேள்வி 11:42:07. பதில் 11:42:07.

விநாடியும் ஒன்றே. கேள்வியைப் படிக்கவே மூன்று விநாடி ஆகும். ச. உதட்டை அசைத்து அசைத்துப் படிக்கிறவர்.

நம்பாமல் தேடினேன். நான் விடுப்பில் இருந்த நாட்கள், செக்‌ஷனில் ச. மட்டும். கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளி: 9, 6, 14, 8, 11. ச. விடுப்பில் இருந்த நாட்கள், நான் மட்டும்: 0, 0, 0, 1, 0, 0. பக்கம் பக்கமாகப் பூஜ்யம். திரையை உருட்ட உருட்டக் கீழே வந்துகொண்டே இருந்தது.

அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஃபோனில் தலைமை அலுவலகத்துடன் சண்டை. பதவி உயர்வு விஷயம். ஃபோன் இடது கையில். வலது கை எங்கே இருந்தது என்று நினைவில்லை.

மதியம் ச.வின் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் போவது இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் எழுந்து நின்றார்.

"அன்னைக்கு நீங்க பார்த்தீங்களா?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. "உட்காருங்க நாதன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நீங்க ஃபோன்ல பேசிட்டிருந்தீங்க. கை மட்டும் போச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"விசாரணையில ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். உங்க வீட்ல அப்போ உங்கம்மா படுக்கையில." பேப்பர்வெயிட்டை உருட்டினார். "அப்புறம், பார்த்துட்டு ஏன் சும்மா இருந்தேன்னு என்னையும் கேட்டிருப்பாங்க. பொய் சொல்ல மாட்டேன், அதுவும்தான்."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"அன்னையிலேர்ந்து நீங்க என் முகத்தைப் பார்க்கறதில்லை. எனக்குத் தெரியும்கறதாலதான்னு நினைச்சேன். சரி, அவருக்கு அது பாரமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"எனக்கே தெரியாது தருண்."

முதல் தடவையாகப் பெயர் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. நம்பிய பிறகு முகத்தில் வந்தது பயம். வேறு எதையும் விட அது மோசமாக இருந்தது.

"சரிபார்க்கற வேலையை உங்களுக்குப் போட்டதே அதுக்காகத்தான். அந்த ஒரு வரியை நீங்களே அழிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்."

"யார்டுல யாருக்கெல்லாம் தெரியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று வழிவிட்டவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

செப். 19, சனி

மேகமூட்டம். காற்றே இல்லை.

அழிக்கவில்லை. இடது கையாலேயே எல்லாம் செய்தேன், மெதுவாக. அந்த நாளின் பக்கம் ஒன்று, பூஜ்யங்களின் பக்கம் ஒன்று, அச்சு எடுத்துக்கொண்டேன். சரிபார்த்ததற்கான சான்றிதழில் 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதியது: பதில் என் கையால் அடிக்கப்பட்டது. படிக்காமல். பெயர், பதவி, தேதி. எழுத்து எல்.கே.ஜி. பிள்ளையுடையதுபோல் இருந்தது. ச. படித்தார். "தலைமை அலுவலகத்துக்குப் போகும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். சீல் வைத்தார்.

ஒரு மணிக்கு மௌமிதா வந்து சர்வரை நிறுத்தினாள். விசிறியின் சத்தம் தேய்ந்து நிற்க நேரமாயிற்று. "போச்சு நாதன்தா. இனி உங்களை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அசீம்தாவின் மனைவி சாந்த்ராகாச்சியில், ரயில்வே யார்டுக்குப் பின்னால், தம்பி வீட்டில் இருக்கிறாள். முதல் வருஷம் பூஜைக்கு வந்தாள், பிறகு வரவில்லை. அவளுக்கு வந்த கடிதத்திலும் 'நிர்ணயிக்க இயலவில்லை' என்றுதான் இருந்திருக்கும். அவள் யாரை நினைத்து வைத்திருக்கிறாளோ. ஒருவேளை அசீம்தாவையே.

வீட்டுக்கு வந்து அச்செடுத்த தாள்களை மேசையில் வைத்தேன். வசந்தா மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டையும் படித்தாள். மடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்" என்றேன்.

"நான் இன்னும் ஒன்னும் கேக்கவே இல்லையே."

அடுக்களையில் பால் பொங்கும் சத்தம். அவள் போகவில்லை.

"அந்த அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லப்போறீங்களா?"