அபர்டீனில் ஓர் இடம்

லிந்துலை, 3 பெப்ரவரி 1964

இன்றும் ஒரு 'வருந்துகிறோம்'. இது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து. மிகவும் மரியாதையாக எழுதுகிறார்கள், படித்து முடித்ததும் நாமே நன்றி சொல்லிவிடுவோம் போலிருக்கிறது. தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோயை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. தங்கள் நாட்டில் தேயிலை விளைவதில்லை என்கிறார்கள். குடிக்க மட்டும் வேண்டும்.

பேராதனையில் பட்டம் வாங்கி இரண்டு வருஷமாகிறது. இன்னும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அப்பாவைக் கேட்டாராம்: "என்ன சோலைமலை, மகனுக்குக் கப்பல் வந்திருச்சா?" அப்பா சிரித்துக்கொண்டே மலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

19 பெப்ரவரி

மழை. எழுத ஒன்றுமில்லை.

11 மார்ச்

வெளிநாடுதான் இல்லை, உள்நாட்டிலாவது ஆராய்ச்சி வேலை கிடைக்குமா என்று கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போய் வந்தேன். நோயைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். கடைசியில் ஒருவர், "இலங்கைப் பிரஜையா?" என்றார். இல்லை. "அப்படியானால் இந்தியரா?" அதுவும் இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதோடு சரி.

இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் மனுப் போட்டுத்தான் இலங்கைப் பிரஜையாக முடியும்; அப்பா எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அதைத் தள்ளியதற்குக் காரணமே நான் பிறந்ததுதான். தலைப்பிரசவம் என்று அம்மாவை இந்தியாவில் உள்ள துறையூருக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். குலசாமி கோயிலில் எனக்கு முடி இறக்கிக் காது குத்தாமல் கடல் தாண்டக் கூடாது என்று மாமன்மார் அவளை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் திருவிழா வருவதற்குள் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ந்து இங்கே குடியிருந்ததாகக் கணக்கில்லை என்பது சட்டம்.

"ஒன்னையப் பெக்கப் போனது ஒரு குத்தமாய்யா?" என்று கேட்டு அம்மா அழுதாள்.

"குத்தமெல்லாம் இல்லம்மா. சாமிக்குச் சட்டம் தெரியல, அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

2 ஜூன்

கிடைத்துவிட்டது!! ஸ்காட்லாந்து, அபர்டீன். உதவித்தொகையோடு. அங்கே ஆராய்வது உருளைக்கிழங்கு நோயைத்தானாம், பரவாயில்லையா என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். வெங்காயமாக இருந்தாலும் போவேன் ஐயா!

அம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அப்பா கண்டாக்கிடம் தானே போய்ச் சொன்னாராம்.

20 ஜூன்

போக வேண்டுமென்றால் பாஸ்போர்ட் வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் எனக்கில்லை. கண்டியில் உள்ள இந்திய அலுவலகத்துக்குப் போனேன். இந்தியனாகப் பதிந்துகொண்டால் பாஸ்போர்ட் தருவார்களாம். அங்கிருந்த தமிழ் அதிகாரி நல்ல மனிதர். "யோசிச்சுக்கங்க தம்பி. பதிஞ்சுட்டா, படிப்பு முடிஞ்சதும் இந்தியாவுக்குத்தான் போகணும். இங்க வர்றதுன்னா விசா கேட்டுத்தான் வரணும். குடுப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது" என்றார்.

துறையூரை நினைத்துப் பார்த்தேன். ஒன்றுமே நினைவில்லை. எப்படி இருக்கும்? கைக்குழந்தையாக இருந்த ஊர்!

27 ஜூன்

தங்கச்சி ரத்னா நோர்வூட்டிலிருந்து கைப்பிள்ளையோடு வந்தாள். அவள் புருஷன் அழகனுடைய குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, அவனைக் கட்டியதால் இவளுக்கும் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஊருக்குச் சொந்தக்காரி அவள் ஒருத்திதான்.

போகவில்லை என்று சொன்னேன். "போண்ணே. இல்லாட்டி ஆயுசுக்கும் நாங்க ஒன்னோட தொங்குன மூஞ்சியல்ல பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றாள்.

போவதா? இவர்களை விட்டுவிட்டா? இருந்து என்ன செய்யப் போகிறேன்?

4 ஜூலை

கண்டிக்குப் போய் இந்தியனாகப் பதியக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது தேயிலை மலைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

12 செப்டம்பர், கொழும்பு

காலையில் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு எல்லோரும் வந்தார்கள். அம்மாவும் ரத்னாவும் பெட்டிக்குக் காவல் நின்றபோது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"போன வாரம் நானும் ஒங்கம்மாவும் கண்டிக்குப் போய் இந்தியாவுக்கே எழுதிக் குடுத்துட்டு வந்தோம்யா."

"ஏம்ப்பா? யார் கேட்டா ஒங்கள?"

"படிச்சு முடிச்சு அங்க வந்து எறங்குறப்ப ஒனக்குன்னு ஒரு வீடு இருக்க வேணாமா?"

"ரத்னா?"

அப்பா பெட்டிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அவகிட்ட இன்னும் சொல்லல. நீ போற அன்னிக்கு அழ வேணாம்."

நான் ஒருவன்தான் போகிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ரயில் வந்ததும் ரத்னா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தாள். "அண்ணே, அம்மா அப்பாவ நெனைச்சு அங்க கவலப்படாத. நான் இங்கதான இருக்கேன், பாத்துக்கிறேன்."

சரி என்று தலையாட்டினேன்.