தார் பூசிய இடம்

அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் குறட்டைச் சத்தம் கேட்கிறது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

கரையில் தூக்கி நிறுத்தியிருக்கும் நம் படகுவீட்டைக் காலையில் மறுபடி கால்வாயில் இறக்கப் போகிறீர்கள். வெல்டர் பெரில் அத்தை அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது நானும் இருந்தேன். "நல்ல இரும்பு கணீர்னு பேசும்டி. செத்த இரும்பு தொப்புங்கும்," என்றார். எங்கள் கட்டிலுக்குக் கீழே தொப் என்றது. அங்கே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். நீங்கள் தார் பூசி மறைத்தீர்கள்.

ஏன் என்று நான் கேட்டதற்கு, "வந்துட்டா பெரிய இன்ஜினியரு! வாயத் தொறந்தே, உன்னையும் தார்ல முக்கிருவேன்," என்றீர்கள். தங்கை மேபல் சிரித்தாள். அவளுக்கு நான்கு வயது, வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். நான் உங்கள் கையிலிருந்த ஸ்பேனரைத்தான் பார்த்தேன்.

மேபல் கீழ்க்கட்டிலில் தூங்குகிறாள். அவளுக்கு நீந்தத் தெரியாது.

அதனால் மாலை நீங்கள் குடிக்கப் பப்புக்குப் போனதும், படகுக்கு அடியில் படுத்து அந்த இடத்தை ஓங்கி அடித்தேன். நான்காவது அடியில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டையைத் தார் மூடாது.

நீங்கள் இதைப் படிக்கும்போது நானும் மேபலும் பெரில் அத்தை வீட்டில் இருப்போம். தகடு வைத்ததும் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் வருகிறோம்.

உங்கள் பெரிய இன்ஜினியர்