செக் நாட்டாருக்குப் போர்த்திய பொன்னாடைகள்

அன்புள்ள அம்மா,

மூட்டு நோ குறைந்ததா? ஹனோவரில் நான் சுகம், குளிர்தான் விடுகிறதில்லை.

இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவுக்குச் செக் நாட்டுச் சிறு நகரமொன்றின் சிம்பொனி இசைக்குழுவை அழைத்திருந்தது. நூற்றாண்டு கண்ட குழு. சுரங்கத் தொழிலாளர் தொடங்கியதாம். போர்க்காலத்திலும் வாசிப்பை நிறுத்தவில்லையாம். இந்த வரலாற்றையும் சாதனைகளையும் சங்கத் தலைவர் பரராசசிங்கம் தமிழில் ஒரு முறை, ஜேர்மனில் ஒரு முறை நீட்டி முழக்கினார். வந்தவர்களுக்கோ இரண்டும் விளங்காது.

பிறகு பொன்னாடை. குழுவின் இசை நடத்துநருக்கு மட்டும் போர்த்தினால் போதாதா என்று கேட்டேன்.

"ஒராளையும் விடேலாது பிள்ளை, பேந்து குறையாக் கதைப்பினம்" என்றார்.

செக் நாட்டிலிருந்து ஆர் வந்து குறை சொல்லப் போகிறார்கள்? அத்தனை பேருக்கும் போர்த்தி, அத்தனை பேரோடும் படமெடுத்து முடிய, மண்டபத்துக்குத் தந்த நேரமும் முடிந்தது. அவர்கள் சுருதி சேர்த்த கையோடு காவலாளி விளக்கை அணைத்துவிட்டார். சனம் கைதட்டியது! "அருமையான கச்சேரி" என்று தலைவர் இன்னும் சொல்லித் திரிகிறார். வெட்கம் கெட்ட மனிதர்.

எல்லோரும் சாப்பாட்டுக்கு ஓட, நான் மட்டும் எழும்ப மனமில்லாமல் இருந்தேன்.

இதைக் கொண்டுவரும் சாண்ட்ராவிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று. வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டியோ, வடிவாப் போர்த்தனியோ" என்று கேட்டே முடித்துவிடுகிறீர்கள். இந்த முறை ஒன்றும் கேட்க வேண்டாம். அரிசி மா அரிக்கும்போது முணுமுணுப்பீர்களே, அந்தப் பாட்டைப் பாடி அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. முழுதாகப் பாடுங்கள், அம்மா.

உங்கள்
பிரபாலினி