அப்பா சொன்ன உயரம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மிச்சத்தை அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு எழுதுகிறேன். போனில் சொல்லலாமென்றால் அவருக்குப் பாம்புச் செவி.

நீ வரைந்து, செய்யச் சொல்லி அனுப்பிய மேசை நம் கண்ணாடிக் கடைக்கு வந்துவிட்டது. பெயர்ப்பலகையில் உள்ள அதே நீலம், மூக்குக் கண்ணாடி மாதிரியே இரண்டு வளைவு, நடுவில் சின்னப் பாலம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், எதிர்க்கடைத் தையல்காரருக்கு வயிற்றெரிச்சல். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது மேசையைத்தான், அதிலேயே நம் கடை தெரிய வேண்டும் என்று பாடம் எடுத்தாயே, நன்றாகத் தெரிகிறது. அப்பாவைத்தான் காணோம். முதல் நாள் வந்த டீச்சரம்மா, "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போனார். மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு வழுக்கை மட்டும் எழும்பி, "வாங்க, வாங்க" என்றதாம். உன்மேல் தப்பில்லை. நீ அளவு கேட்டபோது, உன் அப்பா, பெரிய துரை, என்னைப் பெண் பார்க்க வந்த காலத்து உயரத்தைச் சொல்லியிருக்கிறார், அதுவும் செருப்போடு சேர்த்து.

முதுகு வளைந்துவிட்டதடி. வீடியோவில் உட்கார்ந்தபடி முகத்தை மட்டும் காட்டுகிறார், உனக்கு எப்படித் தெரியும்? இப்போது ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறார். நேற்று பெட்டி சாய்ந்து விழப் பார்த்தார், நல்லவேளை, கண்ணாடி போட வந்தவரே பிடித்துக்கொண்டார். மேசைக் காலைக் கொஞ்சம் அறுத்துவிடலாம் என்று தச்சரைக் கூப்பிட்டேன். "என் பொண்ணு செஞ்சது, அதுல ரம்பம் பட்டா நான் கடைக்கே போகமாட்டேன்" என்று குதிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதனால் நீ ஒரு பொய் சொல்ல வேண்டும். அளவில் நான்தான் பிசகிவிட்டேன் அப்பா, நானே வந்து சரிசெய்கிறேன் என்று சொல். சொல்வதோடு நிற்காமல் சீக்கிரம் வந்துவிடு.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ டேப்பை எடுத்ததும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். அப்பா அப்படியே இருக்கீங்களே என்று சொல்லிவிட்டு, அவர் மூச்சு விடுகிறவரை காத்திருந்து அளவைக் குறித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா